கட்டைக் காசு

கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மயில்வாகனம் தன்னுடைய முடிச்சைக் கொண்டுவரச் சொன்னார். இரஞ்சிதம் காதில் விழாதவள் போல அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே கிடந்தவருக்குப் போர்வை தேவைப்படவில்லை. இருந்தாலும் இழுத்துப் போர்த்தினாள். மயில்வாகனம் வாழ்நாள் முழுக்க மாட்டோடு கதைத்த மனிதர். ஒரு சொல்லை இரண்டாம் தரம் சொல்லிப் பழக்கமில்லை. அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன, முகத்திலும் வீக்கம் ஏறிவிட்டது. போன கிழமை வந்த அப்போதிக்கரி டாக்குத்தர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சைக்கிளில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார். மழை தொடங்குகிறதுக்கு முந்தி முடிந்துவிடும் என்றார். மழை இப்போது கிழக்கே கறுத்துக்கொண்டு நின்றது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில், குடியேற்ற வயல்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் திருநீற்றுச் சபையின் ஆதுலர் மடம் இருந்தது. ஆதரவில்லாத முதியவர்களுக்கானது என்று பலகையில் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களுக்குத் தெரியும், உள்ளே கிடந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று. காணி கிடைக்கிறது, வாய்க்கால் தண்ணீர் கிடைக்கிறது என்று யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பனையும் சட்டிபானையையும் ஒரே வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள், விதைப்பு இரண்டு தரம் பொய்த்ததும், ஏற்றி வந்ததில் எதை இறக்கலாம் என்று பார்த்தார்கள். சட்டிபானையை இறக்க முடியாது. கூப்பன் புத்தகத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மடத்தில் விட்டார்கள். பெற்றவர்களின் பங்கரிசி பிள்ளைகள் வீட்டு உலையில் வெந்தது. பெற்றவர்களுக்கு உலை வைக்க வேண்டியவள் இரஞ்சிதம்.

அவள் அந்த மடத்துச் சமையற்காரி, காவற்காரி, மருந்து கொடுப்பவள், குளிப்பாட்டுபவள் எல்லாம். சின்ன வயதிலேயே தாலியறுத்து, அண்ணன் வீட்டில் இருந்து, அண்ணிக்கு அலுத்துப்போன ஒரு நாளில் சபையார் கேட்டதும் வந்து சேர்ந்தவள். இந்த மடம் அவளைத் துரத்தினால் அவள் போய்ச் சேருவதற்கும் இந்த மாதிரி ஒரு மடந்தான் வேண்டும். அதை அவள் தினமும் ஒரு தரமாவது நினைத்துக்கொள்வாள்.

மடத்துக்கு வருகிற ஒருவரும் வெறுங்கையோடு வருவதில்லை. அடுத்த நேரச் சோற்றுக்கு வழியில்லாதவர்களிடமும் கட்டைக் காசு இருந்தது. கட்டை என்றால் தங்களை எரிக்கப்போகிற விறகு. அந்தக் காசுக்குள் விறகும், பாடையும், பிணம் போகிற வழிக்கு வெள்ளைச் சீலை கட்டுகிற கூலியும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பறைமேளமும் அடங்கும். சொந்த ஊர் என்றால் சொந்தக்காரர் பார்ப்பார்கள், கடன்பட்டாவது செய்வார்கள். இந்தக் காட்டுக்குள் ஆர் இருக்கிறார்கள்? தகப்பன் பெயரைச் சொன்னால் தெரிகிற ஒருவன் கிடையாது. இப்படி ஒருவர் இருந்தார், இன்றைக்குப் போகிறார் என்று நாலு வயலுக்கு அப்பால் நிற்கிறவனுக்குச் சொல்ல மேளத்தை விட்டால் வேறு வாய் இல்லை. அதனால் அந்தக் காசை அவர்கள் பசித்தாலும் தொடமாட்டார்கள்.

பற்றுச்சீட்டு, எழுத்து என்று எதையும் அவர்கள் நம்பவில்லை. காணி உறுதியில் கைநாட்டு வைத்து ஏமாந்தவர்களே பாதிப் பேர். ஆகவே, ஒவ்வொருவரும் தன் சீலைத்துண்டிலோ சால்வை முனையிலோ காசைத் தன் கையாலேயே முடிந்து கொடுப்பது என்று மடத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. இரஞ்சிதம் அதை வாங்கி றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வாள். நீங்கள் கட்டினதை நான் அவிழ்க்கமாட்டேன் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் வாங்கினாள். ஆடிப்பிறப்பன்று கூழ் குடித்த கையோடு பெட்டி திறக்கப்படும். அவரவர் முடிச்சை அவரவர் எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்து, சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பவும் பெட்டிக்குள் போடுவார்கள். அன்றைக்கு மடத்தில் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிப்பதில்லை.

அந்த முடிச்சுகளுக்குள் இப்போது காசுக்குப் பதிலாக ஓட்டுத்துண்டுகள்தான் இருந்தன.

அது ஒரே நாளில் நடந்த காரியமல்ல. சூடு அடிக்கிற காலத்தில் களத்துக் களம் மடத்துப் பங்கென்று கொஞ்ச நெல்லை அளக்குமுன் ஒதுக்கிவிடுவது குடியேற்றக்காரரின் வழக்கம். ஒதுக்கியதை அளக்கமாட்டார்கள், கண்மதிப்பில் அள்ளிச் சாக்கில் போடுவார்கள். அந்த நெல்லில்தான் வருசம் முழுக்க மடத்து அடுப்பு எரிந்தது. மழை பொய்த்த வருசம் களமே இல்லை, பிறகு பங்கேது? சபையின் காசுப் பொறுப்பைப் பார்க்கிற தனாதிகாரி கதிர்காமநாதன் பரந்தனில் அரிசி மில் வைத்திருந்தார். முதலில் கடனுக்குத் தந்தார். பிறகு, சபையில் மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்றார். பிறகு ஒரு நாள் மடத்துக்கு வந்து, அடுப்படி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் சும்மா கிடக்கிற காசைப் பற்றிக் கதைத்தார். கைமாற்றுத்தான், வெள்ளாமை வெட்டியதும் சபை திருப்பி வைக்கும், சாமியின் காரியம் என்றார். அன்று மத்தியானம் உலையில் போட ஒன்றுமில்லாமல் அரிசிப்பானையைக் கவிழ்த்து வைத்திருந்தாள் இரஞ்சிதம். அவர் போனபிறகு பெட்டியைத் திறந்து முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

அடுத்த வெள்ளாமை வந்தது. பழைய கடனுக்கும், விழுந்த சுவருக்கும், கூரைக்கும் போய்விட்டது. முடிச்சு முடிச்சாகக் காசு போய், கனத்துக்கு ஓட்டுத்துண்டு ஏறியது. இடையில் இறந்தவர்களுக்கு, இன்னும் சாகாதவர்களின் முடிச்சிலிருந்து எடுத்துக் கட்டை அடுக்கி மேளம் பிடித்தாள். முந்திச் செத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடைசியாகப் போன மனிதருக்குப் பெட்டியில் இருந்தது போதாமல் தன் தோட்டுச்சோடியைக் கழற்றி விற்றாள். இப்போது அவள் காதில் ஈர்க்குத்தான் கிடந்தது. காது புண் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தாள்.

இனி மயில்வாகனத்தின் முறை. மேளமில்லாத சாவு ஒன்று இந்த மடத்தில் நடந்தால் மற்றவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கே பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். அவளைக் கள்ளி என்பது ஒரு பக்கம். அதைவிட, தங்களை எரிக்கக் காசில்லை என்று தெரிந்துகொண்டு அந்தச் சனங்கள் எப்படி இனிப் படுத்தெழும்பும்? 

மத்தியானக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு பஸ் ஏறிப் பரந்தனுக்குப் போனாள்.

மில்லுக்குள் உமித்தூசி பறந்தது. கதிர்காமநாதன் நெற்றி நிறைய விபூதியோடு தராசடியில் நின்றார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்ல முடிந்திருந்தால் இரஞ்சிதத்துக்கு எவ்வளவோ ஆறுதலாயிருக்கும். மடத்துக் கிணறு அவர் வெட்டித் தந்தது. நோயாளிகளைக் கண்டால் உண்மையாகவே கண் கலங்குவார். அவள் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கத்தான் செய்தார். பிறகு, தை பிறக்கட்டும் என்றார். மயில்வாகனம் தை வரைக்கும் இருக்கமாட்டார் என்று அவள் சொன்னாள். மேளக்காரருக்கும் விறகுக்குமாவது ஏதாவது தாருங்கள் என்று கேட்டாள். அவர் தராசுத்தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"பசிச்ச வயித்துக்குத்தானே போட்டனாங்கள் பிள்ளை. ஆரும் களவெடுக்கேல்லை."

"அரிசி உங்கடை மில்லாலைதானே வந்தது."

அவள் அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. எவ்வளவோ நாளாக மனதுக்குள் கிடந்தது, தானாக வந்துவிட்டது. அவர் முகம் இறுகியது.

"ஓம், விலை குறைச்சுத்தான் தந்தனான். சபையிலை கேட்டுப் பாரும். ஆனா அந்த முடிச்சுகளை அவிழ்த்த கை ஆற்றை கையெண்டு சனம் கேட்டால், நீர் என்ன சொல்லுவீர்?"

அவள் கை இடுப்பிலிருந்த திறப்பை மூடியது. அவரும் அதற்குமேல் அழுத்தவில்லை. உள்ளே ஆளை அனுப்பி அரைச் சாக்குக் குறுணல் அரிசி கட்டுவித்தார். இதற்குக் காசு வேண்டாம், என் பெயரில் தருமம் என்றார். மேளத்துக்குக் கேட்டுப் போனவள் குறுணலோடு பஸ்ஸுக்கு நின்றாள். வேண்டாமென்று எறிந்துவிட்டு வர அவளுக்கு மனம் இருந்தது. ஆனால் நாளைக்கும் உலை வைக்க வேண்டும். பஸ் கொண்டக்டர் சாக்கைத் தூக்கி ஏற்றும்போது, மடத்துக்கோ அக்கா, புண்ணியம் என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொழுது சாய்கிற நேரம் நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் முன் மண்டபத்தில் தேவாரத்துக்குக் கூடினார்கள். மயில்வாகனம் தனியாகக் கிடந்தார். இனியும் சாட்டுச் சொல்ல முடியாது என்று இரஞ்சிதம் பெட்டியைத் திறந்து அவருடைய முடிச்சை எடுத்துக்கொண்டு போனாள். மாட்டுச் சலங்கைப் பட்டியில் தைத்திருந்த சிவப்புத் துணியில் கட்டிய முடிச்சு அது. காட்டு மரம் ஏற்றி வண்டில் ஓட்டிய காலத்துத் துணி. கையில் வைத்துக் கனம் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார் என்று நம்பினாள். ஆடிப்பிறப்பில் அப்படித்தானே செய்தார்.

அவர் கனம் பார்க்கவில்லை. வீங்கிய விரல்களால் முடிச்சின் காதுகளைத் தடவினார்.

"பிள்ளை, நான் கட்டினது பூட்டாங்கயிற்று முடிச்சு. ஒரு தலைப்பை இழுத்தா இறுகும், மற்றத் தலைப்பை இழுத்தா மாடு கழண்டிடும். இது பொம்பிளையள் சீலைத்தலைப்பிலை போடுற முடிச்சு."

தேவாரம் இழுத்து இழுத்துக் கேட்டது. இரஞ்சிதம் நின்ற இடத்திலேயே நின்றாள்.  எப்போது தெரியும் என்று மெல்லக் கேட்டாள். போன ஆடிப்பிறப்பில் கையில் எடுத்ததுமே தெரியும் என்றார். அப்படியானால் ஏன் அப்பு அன்றைக்கே என்னைப் பிடித்துக் கேட்கவில்லை என்று கேட்டாள்.

"கேட்டா? நீ அடுப்பை அணைப்பாய். நானும் அதைத்தானே திண்டனான்."

இவ்வளவோடு விட்டிருந்தால் அவர் அவளை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அவர் விடவில்லை. தன் மாடுகளைப் பற்றிச் சொன்னார். இரண்டும் கிழடு தட்டியபோது வயல் செய்கிற கமக்காரன் ஒருவன், அவை உயிரோடு நிற்கும்வரை வைத்திருக்கிறேன் என்று குறைந்த விலைக்குக் கேட்டானாம். இறைச்சிக்கு வாங்குகிறவன் அதைவிடக் கூடிய விலை சொன்னான். இவர் தெரிந்துகொண்டேதான் இறைச்சிக்குக் கொடுத்தார். இரண்டு சோடி மேளத்துக்கு அந்த விலைதான் காணும், மற்றது போதாது. கயிற்றைக் கையில் கொடுத்தபோது, நுகத்தின் இடப்பக்கம் இழுத்த இடத்தன் திரும்பிப் பார்த்தது. அதுவரைக்கும் அது தன்னை விட்டு ஓரடி விலகி நின்றதில்லை என்றார். 

"நீ கள்ளி," என்றார் பிறகு. சத்தம் போடவில்லை. "உன்னைக் கள்ளி எண்டு சொல்லி அழுறதுக்கும் எனக்கு உன்னை விட்டா இஞ்சை ஆர் இருக்கினம்?"

இரஞ்சிதம் கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கால்களைப் பிடித்தாள்; பிடித்த இடத்தில் விரல்கள் பதிந்து குழி விழுந்தது, எடுத்த பிறகும் குழி மாறவில்லை. அவர் காலை இழுக்கவில்லை, இழுக்கப் பலமும் இல்லை. மண்டபத்தில் தேவாரம் முடிகிற சத்தம் கேட்டதும் அவசரமாகச் சொன்னார்.

"என்னைக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்கு ஏத்திவிடு. இஞ்சை செத்தா மேளம் எங்கையெண்டு இதுகள் கேக்கும். அங்கை செத்தா, அங்கையே அடிச்சு எடுத்ததெண்டு நீ சொல்லலாம்."

ஆளில்லாமல் அங்கே இறக்கிறவர்களை அரசாங்கச் செலவில் புதைப்பார்கள், எரிப்பதில்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வேண்டாம் அப்பு என்று அவள் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. நாளைக்கு யாருடைய வண்டிலைப் பிடிக்கலாம் என்றுதான் அவள் மனம் முதலில் ஓடியது. யோகலிங்கத்தின் வண்டில் கிளிநொச்சிக்குப் போகும் என்று ஞாபகம் வந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியது என்று தெரிந்தபோது தன்னைத் தானே காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை யோகலிங்கம் வண்டிலில் வைக்கோல் பரப்பிக்கொண்டு வந்தான். வாய்க்காலுக்கு அங்காலே வயல் செய்கிறவன், நல்ல பொடியன், கூலி கேட்கவில்லை. பெரிய ஆசுப்பத்திரியில் நல்ல மருந்து இருக்கிறது, வீக்கம் வற்றியதும் திரும்பி வருவார் என்று இரஞ்சிதம் எல்லாருக்கும் சொன்னாள். அவர்கள் ஒருவரும் அதை நம்பவில்லை. முதியவர்களுக்குச் சாவு தெரியாதா? விறாந்தையில் வரிசையாக வந்து குந்தினார்கள். அவர்களுடைய கண் அவர் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. மயில்வாகனம் சிவப்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டிலில் ஏற்றிப் படுக்க வைத்ததும், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதைத் தூக்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

"காசு கையோடை போகுது," என்றாள் அருந்ததி ஆச்சி. ஓலைப்பெட்டி இழைத்து பஸ் நிற்கிற இடத்தில் விற்கிற கிழவி அவள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எதையும் ஊருக்கே சொல்வாள். "டவுணிலை மேளம் இன்னும் திறமாப் பிடிக்கலாம். கொடுத்துவைச்ச மனிசன்."

மற்றவர்கள் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் இரஞ்சிதத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கேட்டதும் கொடுத்துவிட்டாளே என்ற கும்பிடு. வண்டில் அசைந்தபோது மயில்வாகனம் படுத்த படுக்கையிலேயே, இடத்து மாட்டுக்குக் கயிறு இறுக்கம் தம்பி, கொஞ்சம் இளக்கிவிடு என்று யோகலிங்கத்துக்குச் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவன் இறங்கி இளக்கினான். அவளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கே மழை பிடித்துவிட்டது. விட்டு விட்டுக் கிழமைக்கணக்கில் பெய்தது. றோட்டு முழுக்கச் சேறு. யோகலிங்கம் சாக்கொன்றால் தலையை மூடிக்கொண்டு சைக்கிளை உருட்டி வந்தபோது இரஞ்சிதம் அடுப்படியில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். ஆள் முடிந்து இரண்டு மூன்று நாளாகிவிட்டது, ஆசுப்பத்திரிக்காரர் அடக்கம் செய்துவிட்டார்கள், நான் போகும்போது குழியில் தண்ணீர் நின்றது என்று அவன் வாசலிலேயே நின்று சொன்னான். கையில் ஒரு துணி முடிச்சு இருந்ததே என்று கேட்டாள். அது அவனுக்குத் தெரியவில்லை. புகைக்குள் அவள் கண் எரிந்தது. புகைதான் என்று அவன் நினைத்திருப்பான்.

அவன் போனதும் கையைக் கழுவிவிட்டு மண்டபத்துக்கு வந்தாள். அப்பு போய்விட்டார் என்று சொன்னாள். ஒருவரும் அழவில்லை. எல்லாரும் அடுத்ததை எதிர்பார்த்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள். இரண்டு சோடி மேளம் என்றாள். பந்தல் போட்டு, பாலை விறகு அடுக்கி, வெள்ளை கட்டித்தான் எடுத்தார்கள் என்றாள். சொல்லச் சொல்ல இன்னும் சொல்லலாம் போல வந்தது. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"எனக்குக் கேட்டது," என்றாள் அருந்ததி ஆச்சி.

கிளிநொச்சி அங்கிருந்து எத்தனையோ மைல். மற்றவர்கள் அவளைப் பகிடி பண்ணவில்லை. முந்தநாள் விடியக் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் அடித்தது என்று ஒருவர் சொன்னார். எனக்கும் ஏதோ கேட்ட மாதிரித்தான் இருந்தது, இடி என்று நினைத்துவிட்டேன் என்றார் இன்னொருவர். இரஞ்சிதத்திடம் கேட்டார்கள். ஓம், எனக்கும் கேட்டது என்றாள்.

அவள் அடுப்படிக்குத் திரும்பியபோது அருந்ததி ஆச்சி சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சின்னக் கொட்டப்பெட்டிக்குள் விரலை விட்டு, வெற்றிலைக் காம்பையும் பாக்குத் துண்டையும் விலக்கி, தாளில் சுற்றிய காசை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். பெட்டி விற்றுச் சேர்த்த காசு. சில்லறையும் இரண்டொரு நோட்டும், ஆச்சியின் உடம்புச் சூட்டோடு இருந்தன.

"இதையும் என்ரை முடிச்சிலை போட்டுவிடு பிள்ளை. எனக்கு ஒரு சோடிதான் காணுமெண்டு நினைச்சனான். இப்ப கேக்க ஆசையாக் கிடக்கு, ரெண்டு சோடி வேணும்."

ஆச்சி வந்த மாதிரியே சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அடுப்பில் உலை கொதித்து மூடி அடித்துக்கொண்டிருந்தது. பரந்தனிலிருந்து வந்த சாக்கை இரஞ்சிதம் சரித்துப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த குறுணலை வழித்தால் இன்றைக்குக் காணும். மூலையில் றங்குப்பெட்டி இருந்தது. அவள் காசை மூடிய கையோடு, இரண்டுக்கும் நடுவில், நீர் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.